பிறர் பாதுகாப்பு முறையை நகலெடுக்காமல் உங்கள் பணியிடத்துக்கு ஏற்ப மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். 22 கேள்விகள். ஏழாவது, ‘எஞ்சின் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா?’ எட்டாவது, ‘ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா?’ அங்கே ஓடியவை எல்லாமே பேட்டரி வண்டிகள். எஞ்சினும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. பழைய தாள்களைக் கட்டோடு எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள் விடாமல், ஒரு கேள்வி விடாமல், எல்லாவற்றுக்கும் டிக். சுமை தூக்கும் சங்கிலி தேயாமல் இருக்கிறதா என்ற கேள்விக்கும் அதே பேனாவில் அதே டிக்.

ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள் டீசல் வண்டிகள் ஓடும் வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தது. மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். இல்லாத எஞ்சினுக்கு ஆயில் பார்த்ததாக ஒருவரைத் தினமும் கையெழுத்துப் போட வைத்தால், இந்தத் தாளுக்கும் தன் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் சங்கிலியைப் பற்றிய கேள்வியும் அவர் கண்ணில் படாது. பொருந்தாத வரிகள் தாமாக வீணாய்ப் போவதோடு நிற்காமல் பொருந்தும் வரிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடுகின்றன, நகலெடுப்பதில் எனக்குப் பெரிய பயமே இதுதான்.

தலைமை அலுவலகம் அனுப்பிய தடித்த கையேட்டை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கும், ஆடிட் வருகிறது என்று அவசர அவசரமாக ஃபார்மேட் தேடுபவர்களுக்கும், பாதுகாப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்: எதை இரவல் வாங்கலாம்?

மற்றவர்களின் முறையைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவற்றில் பல வரிகள் யாரோ ஒருவர் கையையோ உயிரையோ இழந்த பிறகு எழுதப்பட்டவை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் நாமே பட்டுத் தெரிந்துகொள்வோம் என்பது பெரும் தவறு. ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு அந்த இடத்துக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு பதில் இருக்கும். கேள்வியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை உங்கள் இடத்தில் நீங்களேதான் தேட வேண்டும்.

‘பழுது பார்க்கும்போது இயந்திரம் திடீரென்று இயங்கிவிட்டால் என்ன ஆகும்?’ இந்தக் கேள்வி எல்லா இடத்துக்கும் பொது. ‘மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, பெயர் அட்டை தொங்கவிடு’ என்பது ஓர் இடத்தின் பதில். கன்வேயர் பெல்ட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் போதாது. கரண்ட் போன பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும், தகட்டை அழுத்துவதற்காக மேலே தூக்கி நிற்கும் கனமான அச்சு தன் எடையாலேயே கீழே இறங்கும். அங்கே அழுத்தத்தை வெளியேற்றி, அச்சுக்கு முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விடலாம். பெல்ட்டுக்கு எழுதிய விதியை அப்படியே பிரஸ் மேல் ஒட்டினால், பூட்டுப் போட்டாயிற்று என்ற தைரியத்தில் ஒருவர் கையை விடுவார்.

பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்காக 2018 மார்ச்சில் வெளிவந்த ஐஎஸ்ஓ 45001 என்ற பன்னாட்டுத் தரத்தை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புக் கொள்கை எழுதச் சொல்வதற்கு முன்னாலேயே, நான்காவது பிரிவில், உங்கள் நிறுவனத்தின் சூழல் என்ன, உங்கள் வேலை எத்தகையது, உங்கள் ஆட்கள் யார் என்று புரிந்துகொள்ளச் சொல்கிறது. எவ்வளவு ஆவணம் வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் அந்தத் தரமே ஒப்புக்கொள்கிறது. அந்தத் தரத்தின் சான்றிதழுக்காகவே ஒருவர் இன்னொருவர் கோப்பை நகலெடுப்பது எவ்வளவு வருத்தமான விஷயம் பாருங்கள்.

மருத்துவத்திலிருந்து ஓர் உதாரணம். அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு செக்லிஸ்ட்டை வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்ததில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் முடிவு வந்தது. உங்கள் நடைமுறைக்கு ஏற்பச் சேர்க்கலாம், மாற்றலாம் என்று அந்தத் தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்தச் செக்லிஸ்ட் பயன்பாட்டை எல்லா மருத்துவமனைகளும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று கேட்டது. 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரை, இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்றது. ஏன் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. என் கருத்து, தாள் அதேதான், ஆனால் அதைத் தங்கள் அறைக்கு ஏற்பப் பேசித் திருத்திப் பழகும் வேலையைத் தாளால் செய்ய முடியாது.

படி 1: கையேட்டை மூடிவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்

குறைந்தது ஒரு வாரம். பகலில் மட்டும் போய்விட்டு வராதீர்கள். இரவு ஷிஃப்ட், ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரம், சரக்கு ஏற்றி இறக்கும் நேரம், கழுவித் துடைக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக இயந்திரம் நின்றுபோய் எல்லோரும் பதற்றத்தில் இருக்கும் நேரம், இவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது எந்தக் கையேடும் பொருந்துவது போலத்தான் தெரியும்.

‘விதியைப் பின்பற்றுகிறீர்களா?’ என்று கேட்காதீர்கள், ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘இது சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பீர்கள்? இந்த வேலையில் உங்களுக்கு எது கஷ்டம்? புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாளே அவருக்கு எதைச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் அந்த இடத்தின் உண்மையான பாதுகாப்பு விதிகள், பெரும்பாலும் அவை எந்தக் காகிதத்திலும் இருக்காது.

கண்ணையும் திறந்து வையுங்கள். நான்கு போல்ட் போட வேண்டிய மூடியில் இரண்டே இருந்தால், அது அடிக்கடி கழற்றப்படுகிறது என்று பொருள். ஆட்களே வளைத்துச் செய்த கம்பிக் கொக்கி ஒன்று சுவரில் தொங்கினால், கொடுத்த கருவி எட்டவில்லை என்று பொருள். உடனே யாரையும் பிடித்துத் திட்டிவிடாதீர்கள். யாருக்காவது அந்த நிமிடமே அடிபடும் என்றால் நிறுத்துங்கள், அதில் தயக்கமே வேண்டாம். மற்றபடி முதல் நாளே தவறு கண்டுபிடிக்கக் கிளம்பினால், இரண்டாம் நாளிலிருந்து உங்களுக்காக நடிக்கப்படும் வேலையைத்தான் பார்ப்பீர்கள்.

படி 2: ஒவ்வொரு வரியும் எதற்காகப் பிறந்தது என்று கேளுங்கள்

இப்போது கையேட்டைத் திறக்கலாம். ஓரத்தில் இடம் விட்டு அச்செடுத்து, வரிக்கு வரி ஒரே கேள்வி: இது எந்தக் காயத்தை, எந்த நோயைத் தடுக்க எழுதப்பட்டது? பதில் தெரிந்ததும், அந்த ஆபத்து இங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது, அதே வடிவில் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறது ஆனால் வேறு வடிவில் என்றால், மாற்ற வேண்டும் என்று குறியுங்கள். இல்லவே இல்லை என்றால் அடிக்கலாம். எதற்கு என்றே புரியாத வரிகளும் வரும். அவற்றை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள், எழுதியவர்களிடமோ அனுபவசாலிகளிடமோ கேட்டு, காரணம் தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

கூடவே ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் நீங்கள் கண்ணால் பார்த்த ஆபத்துகளில் எவையெல்லாம் கையேட்டில் இல்லையோ, அவை அதில் ஏறட்டும். பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் கதையில் அந்தத் தாளில் முதலில் ஏறியது சார்ஜ் செய்யும் அறை. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் இல்லாமல் அது தேங்கினால் வெடிக்க ஒரு தீப்பொறி போதும். டீசல் வண்டிக்காரர்கள் எழுதிய தாளில் அதைப் பற்றி ஒரு சொல் எப்படி இருக்கும்?

படி 3: சட்டத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

மாற்றியமைக்கிறோம் என்ற பெயரில் சட்டம் கேட்பதையும், இயந்திரத்தைத் தயாரித்தவர் கட்டாயம் என்று சொன்னதையும் குறைக்க முடியாது. மூடிய தொட்டிக்குள் இறங்கும் முன் காற்றைச் சோதிப்பது போன்ற உயிர் காக்கும் விதிகளிலும் பேரம் கிடையாது. இவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்.

இங்கேயும் நகலெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். எட்டு மணி நேர வேலைக்கான இரைச்சல் வரம்பு அமெரிக்கச் சட்டத்தில் 90 டெசிபல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 80-இலேயே நடவடிக்கை தொடங்க வேண்டும், 85-இல் காதுப் பாதுகாப்பு கட்டாயம், காதுக்குள் போவது 87-ஐத் தாண்டவே கூடாது. வேறு நாட்டுக் கையேட்டின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால், உங்கள் சட்டத்தை மீறிக்கொண்டே சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: ஆபத்துப் பட்டியலை வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்

ஆபரேட்டர், மெயின்டெனன்ஸ் ஆள், துப்புரவு செய்பவர், கான்ட்ராக்ட் தொழிலாளி, நாலு பேரும் வேண்டும். மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் பாதிப் பேர் பேச மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வழுக்கி விழுதல்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அது எங்கிருந்து வேண்டுமானாலும் நகலெடுத்ததாக இருக்கலாம். ‘காலை ஷிஃப்ட் வரும் நேரத்தில் தரை கழுவி முடித்திருப்பார்கள், காய்வதற்குள் ஐம்பது பேர் அந்த வழியாகவே உடை மாற்றும் அறைக்குப் போகிறார்கள்’ என்று எழுதுங்கள். இப்படி எழுதும்போதே தீர்வும் பாதி தெரிந்துவிடுகிறது. கழுவும் நேரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினால் போதும், எச்சரிக்கைப் பலகையே வேண்டியிருக்காது.

மெதுவாகக் கெடுப்பவற்றை மறக்காதீர்கள். தூசி, இரைச்சல், ஒரே மாதிரி குனிந்து நிமிர்வது, தூக்கம் கெடும் ஷிஃப்ட் சுழற்சி. ரத்தம் வராததால் இவை பட்டியலில் ஏறாமலே போய்விடுகின்றன. அப்புறம், ஒவ்வோர் ஆபத்தும் எவ்வளவு பெரியது என்று எண் போடும் இடர் மதிப்பெண் அட்டவணையில் வேறு யாரோ போட்ட எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். அந்த எண் அவர்களுடைய ஆட்கள், அவர்களுடைய வெளிச்சம், அவர்களுடைய வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது.

படி 5: தடுப்பு முறைகள் (இங்கேதான் நகல் ஆளைக் கொல்லும்)

வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆபத்தையே நீக்குவது, குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறுவது, இயந்திரத்திலேயே தடுப்பு வைப்பது, வேலை முறையையும் பயிற்சியையும் மாற்றுவது, கடைசியாக ஹெல்மெட், கையுறை போன்ற பாதுகாப்பு உபகரணங்கள். இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் கவனித்துப் பாருங்கள், நகலெடுக்கச் சுலபமானவை எல்லாம் கடைசி இரண்டு படிகளில்தான் இருக்கின்றன. விதியைத் தட்டச்சு செய்து ஒட்டிவிடலாம், கையுறையை வாங்கிக் கொடுத்துவிடலாம். முதல் மூன்றுக்கும் உங்கள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டும். அதனால்தான் நகலெடுத்த முறைகள் எப்போதும் கீழ்ப்பக்கம் கனமாக இருக்கும்.

‘தொழிற்கூடத்தில் எல்லா நேரமும் கையுறை கட்டாயம்’ என்ற விதியை எடுத்துக்கொள்வோம். கூரான தகடுகளைக் கையாளும் இடத்தில் அருமையான விதி. அதையே டிரில்லிங் மெஷின், லேத் இருக்கும் இடத்தில் போட்டால், சுழலும் பிட்டில் கையுறை நுனி சிக்கி விரலை, மணிக்கட்டை, சில நேரம் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். வெறும் கையாக இருந்தால் சிறு காயத்தோடு தப்பியிருக்கக் கூடும். ஒரே விதி, ஓர் இடத்தில் கையைக் காக்கிறது, இன்னோர் இடத்தில் கையை எடுக்கிறது. ஆகவே எந்தத் தடுப்பை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இது இங்கே புதிதாக எந்த ஆபத்தைக் கொண்டுவரும்?

முகத்தோடு இறுக்கமாக ஒட்ட வேண்டிய தூசி மாஸ்க் தாடி வைத்தவருக்குப் பொருந்தாது, ஓரத்தில் காற்று கசியும். சிறிய முகம் உள்ளவருக்கு, குறிப்பாகப் பல பெண்களுக்கு, ஒரே அளவில் மொத்தமாக வாங்கிய மாஸ்க் பொருந்தாது. உடல் முழுக்க மூடும் தடித்த உடையைக் குளிர்ந்த இடத்தில் எட்டு மணி நேரம் போடலாம், அனல் வீசும் கூடத்தில் அதுவே மயக்கம் வரவழைக்கும். அணிந்து பார்க்காமல் எதையும் மொத்தமாக வாங்காதீர்கள்.

படி 6: செய்முறையைச் செய்பவரையே எழுத வையுங்கள்

அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், திரும்பப் படித்துக் காட்டுங்கள். அவர் ‘மோட்டார் ரூம்’ என்று சொல்வதை நீங்கள் ‘இயக்கு விசை அறை’ என்று திருத்த வேண்டாம். எழுத்து கூட்டிப் படிப்பவர்கள் இருந்தால் படம் போடுங்கள், பல மொழிக்காரர்கள் வேலை செய்தால் அந்தந்த மொழியில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்றால் வேலையைத்தான் பிரிக்க வேண்டும், எழுத்தைச் சிறிதாக்கக் கூடாது.

பர்மிட் முறைகளை, அதாவது ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்கும் முறைகளை, மாற்றும்போது கூடுதல் கவனம். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். அங்கே பர்மிட் முறை இல்லாமல் இல்லை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றிப் பழுதுக்கு எடுத்திருந்தார்கள், வேலை முடியவில்லை, குழாய் வாயை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பம்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு வேறொரு பர்மிட், இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை. இரவு ஷிஃப்டில் இன்னொரு பம்ப் நின்றுபோனதும், வால்வு இல்லாத விஷயம் தெரியாமலே இந்தப் பம்பை ஓடவிட்டார்கள். உங்கள் பர்மிட் படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலை நடந்தால் அது எங்கே தெரியும், முடியாத வேலை அடுத்த ஷிஃப்டுக்கு எப்படிப் போய்ச் சேரும், இந்த இரண்டையும் உங்கள் இடத்தில் நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

படி 7: ஒரே ஒரு ஷிஃப்டில் ஓட்டிப் பாருங்கள்

ஒரு பிரிவு, இரண்டு மூன்று வாரம் போதும். கூட நின்று பாருங்கள். எந்த வரியைத் தாண்டிப் போகிறார்களோ அங்கே நிறுத்தி ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் தவறு வரியில்தான் இருக்கும். இந்த நாட்களில் வரும் குறைகளுக்கு அந்த வாரத்திலேயே ஏதாவது ஒரு திருத்தம் நடக்க வேண்டும். சொன்னால் மாறுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் அவர்களே வந்து சொல்வார்கள்.

படி 8: எண்களையும் நகலெடுக்காதீர்கள்

பெரிய நிறுவனங்கள் காய விகிதத்தை 2,00,000 வேலை மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவது வழக்கம், அதாவது 100 பேர் ஓர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. உங்களிடம் 40 பேர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 80,000 மணி நேரம். ஒரே ஒருவர் காயம் பட்டால் விகிதம் 2.5, யாரும் படாவிட்டால் பூஜ்யம். இடையில் எதுவும் இல்லை. இந்த எண் ஏறி இறங்குவதை வைத்து நீங்கள் எதையுமே தெரிந்துகொள்ள முடியாது. பெரிய இடங்களையும் அது ஏமாற்றியிருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிப்புக்கு முன்னால், தனிநபர் காய விகிதம் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பாதுகாப்பு சரியாக இருப்பதாக நம்பியிருந்தார்கள்.

அதற்குப் பதிலாக, நூலிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை சொல்லப்பட்டன, சொன்னதில் எத்தனை சரிசெய்யப்பட்டன, எத்தனை நாளில் என்று எண்ணுங்கள். விபத்தே இல்லாத மாதத்துக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து எங்கிருந்தும் எடுத்து வராதீர்கள். அடிபட்டவர் சக தொழிலாளிகளின் பரிசு போய்விடுமே என்று காயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

படி 9: உங்கள் முறையே பழைய நகலாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பைப்பர் ஆல்ஃபாவுக்குப் பிறகு 1990-இல் வந்த விசாரணை அறிக்கை, ஒவ்வொரு மேடையும் தன் ஆபத்துகளை ஆராய்ந்து தனக்கான பாதுகாப்பு ஆவணத்தைத் தானே எழுத வேண்டும் என்றது. நல்ல யோசனை, ஆனால் அதுவும் சடங்காகலாம். 2006-இல் பிரிட்டிஷ் விமானப் படையின் நிம்ராட் விமானம் ஆப்கானிஸ்தானில் எரிந்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். அந்த விமானத்துக்கென்றே அப்படி ஓர் ஆவணம் எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டாகப் பறக்கிற விமானம்தானே, எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற நினைப்பிலேயே அதை எழுதி முடித்திருக்கிறார்கள் என்று 2009-இல் வந்த ஆய்வு கடுமையாகச் சொன்னது.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்போம் என்று தேதி மட்டும் குறித்தால் போதாது. புது இயந்திரம், புது ரசாயனம், புது கான்ட்ராக்டர், ஷிஃப்ட் நேர மாற்றம், ஆள் குறைப்பு, இவற்றில் எது நடந்தாலும் அந்த வாரமே சம்பந்தப்பட்ட பக்கத்தைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அது எதற்காக வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர் அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, எடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க அந்த ஒரு வரி வேண்டும்.

அந்த ஃபோர்க்லிஃப்ட் தாளை ஓட்டுநர்களோடு உட்கார்ந்து திருத்தினோம். 22 கேள்விகள் 9 ஆயின. எஞ்சினும் ரேடியேட்டரும் போயின, சார்ஜ் அறையின் மின்விசிறியும் பேட்டரி கேபிளும் வந்தன, சங்கிலி முதல் கேள்வி ஆனது. ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று எழுத ஒரு சிறு கட்டமும் சேர்த்தோம், அது ஓர் ஓட்டுநர் சொன்ன யோசனை. சில வாரங்களில் முதல்முறையாக ஒரு தாளில் டிக்குக்குப் பதிலாக ‘இல்லை’ என்று வந்தது, கட்டத்தில் ‘இடது சங்கிலி, கீழிருந்து நாலாவது கண்ணி’ என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அந்த வண்டியை அன்றைக்கே ஓரம் கட்டினார்.